மரத்துக்கு நிறம் சொல்லிக்கொடுத்த பச்சோந்தி

ஒரு வாதாமரத்தில் பச்சோந்தி ஒன்று குடியிருந்தது. கோடை முழுக்க மரமும் பச்சை, அதுவும் பச்சை.

வெயில் தணிந்து காற்று திசை மாறியதும் இலைகள் மஞ்சளாயின. பச்சோந்தியும் மஞ்சளானது. பக்கத்துக் கிளையில் இருந்த அணிலைக் கூப்பிட்டது.

"பார்த்தியா? நான் மஞ்சளானதும் மரமும் மஞ்சளாயிடுச்சு. நல்லாவே கத்துக்குது."

வாதாங்கொட்டையைக் கொறித்துக்கொண்டிருந்த அணில், "ஆமாண்ணே" என்றது. வாய் நிறையத் தீனி இருக்கும்போது அது யாரிடமும் வாதாடுவதில்லை.

சில நாளில் இலைகள் செக்கச்செவேலென்று சிவந்தன. பச்சோந்தி மூச்சைப் பிடித்து முக்கிப் பார்த்தது. செம்மண் நிறத்தைத் தாண்டவில்லை.

"மரம் கொஞ்சம் அதிகப்பிரசங்கி. இதை நான் சொல்லித்தரவே இல்லை."

அடுத்து அடித்த காற்றில் இலைகள் அத்தனையும் கொட்டிவிட்டன. மொட்டைக் கிளையில் பச்சோந்தி மட்டும் தனியாகத் தெரிந்தது. மேலே பருந்து வட்டமிட்டது. அணில் பொந்துக்குள் பாய்ந்துவிட்டது. பச்சோந்திக்கு வேகமாக ஓட வராது. கிளையோடு ஒட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

பருந்து தாழ வந்து பார்த்தது. காய்ந்த கிளையைத் தவிர எதுவும் தென்படாமல் திரும்பிப் போனது.

எட்டிப் பார்த்த அணிலுக்கும் யாரும் தெரியவில்லை. "அண்ணே... இருக்கீங்களா?"

கிளையில் ஒரு கண் திறந்தது.

"இருக்கேன். மரத்துக்கு எவ்வளவு விசுவாசம் பாரு! ஆபத்துன்னதும் அப்படியே என்னை மாதிரி மாறிடுச்சு."

இப்போது அணிலின் வாய் காலியாகத்தான் இருந்தது. இருந்தாலும், "ஆமாண்ணே" என்றது.