பனை உயரத்தில் ஓர் அப்பா

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டு எதிரே பதினைந்தடி ஃப்ளெக்ஸில் ஜெயபாண்டி கைகூப்பிச் சிரிக்கிறான். ஒவ்வொரு பல்லும் ஒரு கதவு அகலம். திருவிழாவுக்கு உலகத்தையே வரவேற்கிறானாம். மகளின் ஜீவனாம்சத்துக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டிலிருந்து அவனுக்குப் போன சம்மன் மட்டும் மூன்றாம் முறையாக, 'ஆள் ஊரில் இல்லை' என்று திரும்பியிருக்கிறது. பிரிந்து வாழும் மனைவி மாரீஸ்வரி நடுரோட்டில் நின்று ஃப்ளெக்ஸைப் படம் பிடித்து வக்கீலுக்கு அனுப்புகிறாள். மகளோடு அதன் நிழலில் ஒதுங்கி அவருக்குப் போன் போடுகிறாள். "ஊர்ல இல்லாத மனுசன் இங்க பனை உசரத்துக்கு நிக்காரு சார்!" "பார்த்தேம்மா. இதுல வீட்டு விலாசம் இல்லையே?" வெயில் ரோட்டுத் தாரை உருக்குகிறது. காற்றில் ஃப்ளெக்ஸ் படபடக்க, கூப்பிய கை அசைகிறது. மகள் அண்ணாந்து பதிலுக்குக் கையாட்டுகிறாள். "அம்மா, அப்பா நம்மளத்தான் பாக்காரு." "ஏட்டி, வா, அங்கிட்டுப் போவோம்," என்று மாரீஸ்வரி அவளை இழுக்கிறாள். வேறெங்கும் நிழல் இல்லை.