ஒன்பதாவது விதி

"ஷூவைக் கழட்டிடட்டுமா டாக்டர்? அடுத்து தரையில இருக்கிற கோட்டு மேல நடக்கச் சொல்வீங்க, அதான் கேட்டேன்."

டாக்டர் கொரின் பாக்ஸ்லி நிமிர்ந்து பார்த்தாள். அவள் இன்னும் வாயே திறக்கவில்லை.

வாஷிங்டனை ஒட்டியிருந்த அந்த மருத்துவப் பிரிவு, தூதரக ஊழியர்களுக்கானது. ஹவானாவில் வேலை பார்க்கும்போது காதுக்குள் ஏதோ கேட்டு, தலை சுற்றி விழுந்தவர்கள் எல்லாம் இங்கேதான் வந்தாக வேண்டும். ஏதோ ஆயுதம் என்றார்கள் சிலர், வெறும் பயம் என்றார்கள் சிலர். விஷயம் வெளியே போய்விடக் கூடாதென்று நோயாளிகளுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எதிரே உட்கார்ந்திருந்த ஐம்பத்தைந்து வயதுக்காரர் நாற்பத்திரண்டாம் எண். வேலைக்குச் சேர்ந்து மூன்றே வாரமான கொரினுக்கு இவர்தான் முதல் ஆள்.

"சரி, நடங்க."

தரையில் ஒட்டியிருந்த மஞ்சள் கோட்டின் மேல் நான்கு அடி ஒழுங்காக வைத்தார். ஐந்தாவதில் அப்படியே சாய்ந்தார். கொரின் பாய்ந்து பிடித்திராவிட்டால் எடை பார்க்கும் கருவியின் மேல் விழுந்திருப்பார்.

"நன்றிம்மா. குடிச்சிருந்தாக்கூட நான் இதைவிட நேரா நடப்பேன்."

"ஹவானாவுக்கு என்ன வேலையாப் போனீங்க?"

"அங்க இருக்கிறவங்களுக்குத் தைரியம் சொல்ல. 'ஒண்ணுமில்ல, எல்லாம் மனப்பிரமை'ன்னு சொல்லிட்டு வர அனுப்பினாங்க. அஞ்சு நாள் வேலை. நாலு நாள் நல்லாத்தான் சொன்னேன்."

"அஞ்சாவது நாள்?"

"ஓட்டல் ரூம், பட்டப்பகல், கையில சாண்ட்விச். திடீர்னு காதுக்குள்ள ஒரு கிரீச். தகர டப்பாவுல வண்டைப் போட்டு மூடிக் குலுக்கின மாதிரி. ஜன்னல் பக்கம் போனா நின்னுடுது, நாற்காலிக்கு வந்தா மறுபடியும் ஆரம்பிக்குது. மிச்ச சாண்ட்விச் மேஜை மேல இருந்ததால, நான் மூணு தடவை நாற்காலிக்கு வந்தேன். எவனாவது குறி வெச்சிருந்தான்னா, இப்படி ஒரு சாப்பாட்டு ராமனை அவன் ஜென்மத்துல பாத்திருக்க மாட்டான்."

கொரினுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. அலமாரியிலிருந்து பழைய கோப்பு ஒன்றை எடுத்துப் புரட்டினாள்.

"தகர டப்பாவுல வண்டு. பதினேழாம் எண் கோப்புல அட்சரம் பிசகாம இதே வார்த்தை இருக்கு, சார்."

"இருக்கும். அந்தம்மா சொன்னது அவ்வளவு சரி. நானும் வேற மாதிரி சொல்லிப் பாத்தேன், எதுவும் பொருந்தல."

"பதினேழு ஒரு பொம்பளைன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

நாற்பத்திரண்டாம் எண் நாக்கைக் கடித்துக்கொண்டார். "எனக்கு வாய் கொஞ்சம் நீளம், டாக்டர்."

கொரினின் முகம் இறுகியது. யாரோ சொல்லிக்கொடுத்துத்தான் வந்திருக்கிறார் என்று முடிவு கட்டினாள்.

"அடுத்த கேள்வி..."

"தூக்கம் வருதா, வீட்டுல சண்டை உண்டா, ஆபீஸ்ல வருத்தம் உண்டா? தூக்கம் இல்ல, சண்டை உண்டு, வருத்தம் எக்கச்சக்கம்."

"கேள்வியெல்லாம் மனப்பாடமா? அப்ப ஒன்பதாவது விதியும் தெரிஞ்சிருக்குமே."

"தெரியாம என்ன! 'முன்பு வந்தவர்களின் சொற்களையே ஒருவர் சொன்னால் அது கேள்வி ஞானம். மன உளைச்சல் எனக் குறித்து அனுப்புக.' அழகான வாக்கியம். எழுதினவனுக்குக் கையில சூடா காபி இருந்திருக்கும், காதுல ஒரு சத்தமும் இருந்திருக்காது."

சொல்லிவிட்டுச் சிரித்தவர், பாதியிலேயே நிறுத்தினார். கண்ணில் பயம் தெரிந்தது.

"டாக்டர், 'பணியில் ஏற்பட்ட பாதிப்பு'ன்னு நீங்க எழுதினாத்தான் எனக்கு வைத்தியம் பண்ணுவாங்க. மே மாசம் என் பொண்ணு டெஸ்ஸுக்குக் கல்யாணம். சர்ச் வாசல்லேருந்து அவ கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் மாப்பிள்ளைகிட்ட விடணும். இருபத்தாறு அடி, போய் எண்ணிட்டே வந்துட்டேன். வீட்டுல துடைப்பத்தைப் பொண்ணா நெனச்சு, கை கோத்து நடந்து பாத்தேன். பத்தாவது அடியில துடைப்பம்தான் என்னைத் தாங்கிப் பிடிக்குது."

கொரினுக்கு மனசு கரைந்துவிட்டது. இந்த மனிதர் பொய் சொல்லவில்லை என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனால் விதியை மீறி எழுத மூன்று வார டாக்டருக்கு ஏது அதிகாரம்? 'மன உளைச்சல்' என்ற கட்டத்தில் டிக் அடித்தாள்.

"மன்னிச்சுடுங்க சார். எனக்கே கஷ்டமா இருக்கு. ஆனா ஒரு வழி இருக்கு. இந்த விதியை எழுதினவர் டாக்டர் ஆல்டன் ப்ரூவிட். உங்களுக்கு முன்னாடி வந்த நாப்பத்தொரு பேரையும் அவர்தான் பாத்தார். அத்தனை பேரையும் மன உளைச்சல்னு வீட்டுக்கு அனுப்பிட்டார், அவ்வளவு கறார். நான் இன்னும் அவரைப் பாத்ததில்ல, ரெண்டு மாசமா லீவாம். அவர் மனசு வெச்சா மாத்தலாம். எங்கேயாவது பிடிச்சு, நேர்ல கெஞ்சிப் பாருங்களேன்."

அவர் குனிந்து ஷூ நாடாவைக் கட்டினார். மூன்றாவது முயற்சியில்தான் முடிச்சு விழுந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"கெஞ்சாம இருப்பேனா டாக்டர்? இன்னிக்குக் காலையில ஷேவ் பண்றப்போகூடக் கண்ணாடியில பாத்துக் கெஞ்சினேன். 'நாப்பத்தொரு பேர் உன்கிட்ட சொன்னதைத்தானே நீ திருப்பிச் சொல்றே'ங்கறான், படுபாவி!"