மெக்சிகோ மூக்கு

“பீப்… பீப்… பீப்!”

கம்பெனி வாசலில் முகத்தைப் பார்த்து வருகையைப் பதியும் மெஷின் அலறியது. சிவப்பு விளக்கு எரிந்தது.

“நில்லும்மா! யாரு நீ?” செக்யூரிட்டி ராஜமாணிக்கம் நாற்காலியை உதறிக்கொண்டு எழுந்து வந்தார்.

“இன்னாண்ணா, தெரியாத மாதிரி கேக்கறீங்க? ஜெனிபரு. ரெண்டு வருஷமா ஒயர் மாட்டற லைன்ல இருக்கறேனே!”

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். குரல் ஜெனிபருடையதுதான். யூனிபாரம் சரி. கழுத்து அட்டையில் போட்டோ தேய்ந்துபோயிருந்தது. முகம்தான் இடித்தது. ஜெனிபருக்குச் சப்பை மூக்கு. இவளுக்கோ எடுப்பான மூக்கு. பேசும்போது இடது கன்னத்தில் அழகாக ஒரு குழி வேறு விழுந்தது.

“மஞ்சக் காமாலைன்னு லீவு போட்டுக்கினு போனது ஜெனிபரு. இப்ப திரும்பி வந்திருக்கறது யாரு?”

வரிசையில் பின்னால் நின்ற பிரின்சி களுக்கென்று சிரித்தாள். “காமாலையும் இல்ல, ஒண்ணும் இல்லண்ணா. மூக்கு ஆபரேஷன் பண்ணிக்கினு வந்துகிறா. கன்னத்துல குழி வேற. எல்லாம் அந்த மெக்சிகோ மேடம் பத்த வெச்சுட்டுப் போனது!”

கோடையில் புது மெஷின் மாட்ட மெக்சிகோவிலிருந்து ஒரு பெண் இன்ஜினியர் வந்திருந்தாள். கேன்டீனில் தன் பழைய மூக்கைச் செல்போனில் காட்டி, ‘எங்கள் ஊரில் கடையில் வேலை செய்யும் பெண்கூடத் தவணை கட்டியாவது செய்துகொள்வாள்’ என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து கும்மிடிப்பூண்டி ஹாஸ்டல் பெண்களுக்குக் கண்ணாடியில் தங்கள் மூக்கே பிடிக்காமல் போயிற்று. ஏற்கெனவே இரண்டு பேர் சென்னைக்குப் போய்ச் செய்துகொண்டு வந்துவிட்டார்கள்.

அதெல்லாம் ராஜமாணிக்கத்துக்கும் தெரியும். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. பக்கத்துக் கம்பெனியில் ஒருத்தன் பெயரில் இன்னொருத்தன் உள்ளே போய் விரலை நசுக்கிக்கொண்டான். வேலை போனதென்னவோ வாசலில் நின்ற செக்யூரிட்டிக்கு.

“மூக்கு மாறலாம். ஆளே மாறியிருந்தா? அதுவும் இன்னிக்குன்னு பாத்து வந்து நிக்கிறியே!”

“இன்னிக்குத்தாண்ணா வரணும்! ஹெட் ஆபீஸ் சாரு பர்மனென்ட் ஆர்டர் குடுக்க வராரு. இன்னிக்கு விட்டா மறுபடியும் கான்ட்ராக்ட்டுதான். எப்ப வேணா வெளிய துரத்துவாங்க.” அவள் ஓரடி முன்னால் வந்தாள். “ஜெனிபருக்கு மட்டும் தெரிஞ்சதா எதுனா கேளுங்க. சொல்றேன்.”

ராஜமாணிக்கம் மீசையை நீவினார். “பொங்கல் லீவுக்கு முந்தின நாளு இந்த கேட்டுல இன்னா நடந்துச்சு?”

“உங்க பிரியாணிப் பொட்டலத்த நாய் தூக்கிக்கினு ஓடுச்சு. நான் என் லெமன் சாதத்தக் குடுத்தேன். டப்பாவ வழிச்சுத் துன்னுட்டு, உப்பு கம்மின்னு சொன்னீங்க.”

வரிசையே சிரித்தது. ராஜமாணிக்கத்துக்குக் காது சூடாகிவிட்டது.

“எவளாவது சொல்லிக் குடுத்திருப்பா” என்று முனகினார். “மத்தவங்கல்லாம் அந்தப் பக்கத்து மெஷின்ல போங்க. நீ இங்கியே நில்லு.”

பிரின்சி உட்பட எல்லோரும் போய்விட்டார்கள். ஷிப்ட் மணி அடித்தது. ஜெனிபர் உதட்டைக் கடித்துக்கொண்டு தனியாக நின்றாள்.

அப்போதுதான் கார் வந்து நின்றது. ஹெட் ஆபீஸ் அதிகாரி எட்வர்ட் இறங்கினார்.

“என்னய்யா பிரச்சனை?”

“சார், இந்தப் பொண்ண மெஷின் ஏத்துக்க மாட்டேங்குது. எனக்கும் டவுட்டா…”

“ஒரிஜினல் ஆதார் இருக்குது சார்!” ஜெனிபர் முந்திக்கொண்டு அட்டையை நீட்டினாள்.

“அதைத்தான் பார்க்கணும். கான்ட்ராக்டர் கொடுத்த ஜெராக்ஸ்ல எல்லா மூஞ்சியும் கரியாத்தான் இருக்கு.” எட்வர்ட் அட்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். “எங்க, கொஞ்சம் சிரிம்மா.”

சிரித்தாள்.

“அதே மூக்கு, அதே கன்னக்குழி. அச்சு அசலா இருக்கு. இதுல என்னய்யா டவுட்டு உனக்கு? முதல்ல மெஷினை ரிப்பேர் பண்ணச் சொல்லு. நீ உள்ள வந்து ஆர்டரை வாங்கிக்கம்மா.”

அவர் போன பிறகு ராஜமாணிக்கம் தலையைச் சொறிந்தார். “தப்பா நெனச்சுக்காதம்மா. என் வேலை அப்படி. போனை இங்க வெச்சுட்டுப் போ.”

“ஒரே ஒரு போன் மட்டும் பேசிட்டு வெச்சுடறேண்ணா.” அவள் செக்யூரிட்டி அறைக்குப் பின்பக்கம் ஒதுங்கினாள்.

ராஜமாணிக்கம் நிம்மதியாக உட்கார்ந்து டீயை உறிஞ்சினார். இரண்டாவது வாய்க்கு கிளாஸைத் தூக்கியவர் பாதியில் நிறுத்தினார். இந்த மூக்கு இப்போது லீவில் வந்த மூக்கு. ஆதார் எடுத்ததோ எந்தக் காலத்திலோ. அதில் எப்படி இதே மூக்கு?

டீயை வைத்துவிட்டு எழுந்தார். சுவருக்குப் பின்னாலிருந்து அவள் குரல் தணிந்து கேட்டது.

“யக்கா, மோனிகா பேசறேன்… அன்னிக்கு வேலைல சேர நீ பாஸ் பண்ண ப்ளஸ் டூ, ஜெனிபருங்கற உன் பேரு, இப்ப உன் மூக்கு, உன் கன்னக்குழி எல்லாமே எனக்குன்னு ஆயிடுச்சுக்கா, இந்தப் பாழாப்போன மெஷினுக்கு மட்டுந்தான் என் சொந்த மூஞ்சி ஞாபகம் இருக்குது!”