ஓடைக்கு அந்தப் பக்கம்

எட்டாவது வீட்டையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் நேசமணி.

தரகர் ராமசுப்புவுக்குப் பொறுமை போய்விட்டது. "அண்ணாச்சி, கப்பல்ல வரும்போது ஒரே ஒரு தகரப் பெட்டிதான் கொண்டாந்தீங்கன்னு கேள்வி. ரங்கூன்ல என்ன அரண்மனையிலயா குடியிருந்தீங்க?" என்று அவள் புருஷன் எட்வர்டிடம் கேட்டேவிட்டார்.

எட்வர்ட் பேச்சை மாற்றி அடுத்த வீட்டைப் பற்றிக் கேட்டார். பதில் சொன்னால் மெட்ராஸ் அகதி முகாமைப் பற்றிப் பேச வேண்டும். அங்கே நாற்பது குடும்பத்துக்கு ஒரு சாக்கடை. அதன் ஓரத்தில்தான் அவர்களுடைய மூன்று வயது மகள் வாந்தியும் பேதியுமாகக் கிடந்து, இரண்டே நாளில் போய்ச் சேர்ந்தாள். மிஞ்சியது கைக்குழந்தை. இனி சுத்தமான தெருவில்தான் பெட்டியை இறக்குவேன் என்று நேசமணி அன்றைக்குச் சொன்னவள்தான்.

எட்வர்ட் பிறந்து வளர்ந்ததெல்லாம் ரங்கூனில். பூர்வீகம் கழுகுமலைப் பக்கம் என்று அப்பா எப்போதோ சொன்னதை நம்பி, அறுபத்துநாலில் பர்மாவை விட்டுக் கிளம்பியவர் கோவில்பட்டியில் வந்து இறங்கினார். பஞ்சாலையில் பிட்டர் வேலை கிடைத்தது. ஊர்தான் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, தரகர் இல்லாமல் தானே வீடு தேடி நடந்தார். தண்டவாளத்தைத் தாண்டி, வறண்ட ஓடையில் இறங்கி ஏறினால் ஒரு தெரு. அப்படியே நின்றுவிட்டார்.

இரண்டு பக்கமும் ஓலை வீடுகள்தான். ஆனால் சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு. கரிசல் மண்ணைக் கெட்டித்து, சாணி தெளித்து, வாரியல் கோடு வரிவரியாகத் தெரியும்படி கூட்டியிருந்தார்கள். ஒரு காகிதத் துண்டு இல்லை. ஓர் ஈ இல்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊரே தண்ணீருக்கு அலைகிற அந்தச் சித்திரையில், வீட்டுக்கு ஒரு வேம்பு பச்சைப் பசேலென்று நின்றது. பாத்திரம் கழுவிய தண்ணீரைச் சின்ன வாய்க்கால் பிடித்து வேம்பின் தூருக்கு விட்டிருந்தார்கள்.

செருப்போடு நடக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் நேசமணியை அழைத்துவந்து காட்டினார். அவள் இடுப்பிலிருந்த குழந்தையை இறக்கி அந்த மண்ணில் விட்டாள். முகாமைவிட்டு வந்தபின் அவள் பிள்ளையைத் தரையில் விட்டது அதுதான் முதல் தடவை.

ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டிலிருந்து வயதான ஒருத்தி வந்து எட்டவே நின்றாள். பெயர் வெயிலுகந்தம்மாள். பூட்டிய வீடு தன் மகனுடையது, அவன் தூத்துக்குடிக்குப் பிழைக்கப் போய்விட்டான் என்றாள். வாடகைக்கு மட்டும் கிடையாதாம்.

எட்வர்ட் கெஞ்சிப் பார்த்தார். யாரிடமும் சொல்லாத முகாம் கதையையும் சொன்னார். அவள் தவழுகிற குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெளியாளுக்கு இங்கன வீடு குடுக்கிறதில்ல ஐயா. பொழுது சாயுது, கிளம்புங்க" என்றாள் முடிவாக.

திரும்பும் வழியெல்லாம் எட்வர்ட் கொதித்தார். தெருவை இத்தனை சுத்தமாக வைத்திருப்பவர்களுக்கு மனசு இத்தனை சின்னதா? அகதி என்றால் அவ்வளவு இளக்காரமா? நேசமணி குழந்தையின் உள்ளங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் ஆலைக்குப் போகும் வழியில், வேண்டாம் என்று சொன்ன அந்த எட்டாவது வீட்டைக் கடந்தார். அதன் வாசல் சாக்கடையில் ஒருத்தி குனிந்து, கறுத்த சகதியைக் கையாலேயே அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டதும் வழியைவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கினாள்.

வெயிலுகந்தம்மாள்.

"அம்மா... நீங்களா?"

"நாங்க ஊர் கூட்டுதவங்க ஐயா. எங்க தெரு பூரா இதே வேலைதான். நீங்க ஊருக்குப் புதுசு, தெரியாமக் கேட்டுட்டீங்க. அங்கன குடிவந்தா உங்க வீட்டுல ஒருத்தரும் பச்சத்தண்ணி குடிக்க மாட்டாங்க. கடைக்காரன் சாமானைக் கையில குடுக்காம எறிவான். பிள்ளையைப் பறிகுடுத்துட்டு வந்திருக்கீங்க. வந்த ஊரும் இல்லாமப் போகணுமா? அதான் மூஞ்சியில அடிச்சாப்பல சொன்னேன். மனசுல வச்சுக்கிடாதீங்க."

அன்றைக்கு எட்வர்ட் ஆலைக்குப் போகவில்லை.

உச்சிப்பொழுதில் ஒரு மாட்டுவண்டி ஓடையில் இறங்கி ஏறியது. தகரப் பெட்டியின் மேல் நேசமணி குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள்; எட்வர்ட் வண்டியோடு நடந்து வந்தார். வெயிலுகந்தம்மாள் ஓடிவந்து வண்டியை மறித்தாள்.

"அவ்வளவு சொல்லியும் கேக்கலையே தாயி."

நேசமணி இறங்கினாள். "ஊர்னு ஒண்ணு எங்களுக்கு இருந்தாத்தானேம்மா இல்லாமப் போகும்? இந்தப் பிள்ளை தவழ ஒரு தெரு குடுங்க, போதும்."

கிழவி வண்டிக்கு வழிவிட்டு விலகினாள். பிறகு முந்தியில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்தாள். எட்வர்டிடம் அதைக் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யாராவது கேட்டா, வேற வீடு கிடைக்கலைன்னு சொல்லிருங்க ஐயா" என்றாள்.

அந்தத் தெருவில் பத்தொன்பது வருஷம் குடியிருந்தார் எட்வர்ட். வேறு வீடு கிடைக்கவில்லை என்று மட்டும் அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை.