படுக்கையில் ஒரு ராஜினாமா

பக்கவாதம் வந்து கோடேஸ்வரராவுக்குப் பேச்சு போயிருந்தது. அசைந்தது ஒற்றை விரல்தான். அந்த விரலுக்குக் கீழே, அவர் மேனேஜராக இருந்த ஹைதராபாத் கம்பெனியே செய்த, பொத்தானை அழுத்தினால் நோயாளிக்காகப் பேசும் கருவி. எழுந்து நடமாடும்வரை வேலை போகாமல் இருந்தால் போதும் அவருக்கு.

அவருக்குக் கீழே வேலை பார்த்த நரஹரி ஆஸ்பத்திரிக்கு வந்தான். வந்ததும் முதலாளியம்மாவைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டான்.

"மேடம், சாரையே கேட்டுடுங்க."

"ராவ் காரு, உங்க வேலைய நரஹரிகிட்ட விட்டுடறீங்களா?"

விரல் பொத்தான் பொத்தானாக அலைந்தது. கடைசியில் எதையோ அழுத்தினார்.

"வலிக்கிறது," என்றது கருவி.

"கேட்டீங்களா மேடம்? பாவம்."

பதறிப்போய் இன்னொன்றை அழுத்தினார்.

"ஓய்வு வேண்டும்."

"நல்லா ஓய்வெடுங்க ராவ் காரு. நரஹரி, நாளைக்கே நீ பொறுப்பெடுத்துக்கோ." முதலாளியம்மா போனை வைத்துவிட்டார்.

நரஹரி கோடேஸ்வரராவின் காதருகே குனிந்தான்.

"என்னய்யா தேடுன? 'முடியாது'ங்கற பொத்தானா? நோயாளி எதிர்த்துப் பேசினா எந்த ஆஸ்பத்திரிக்காரன் இத வாங்குவான், அதத் தூக்குடான்னு நீதான சொன்ன? தூக்க வேணாம் சார்னு சொன்னதுக்கு எல்லாரு முன்னாடியும் என்னை நாயேன்னியே!"

ஆத்திரத்தில் அவர் விரல் கருவியைக் குத்தியது.

"நன்றி," என்றது அது, தேன் ஒழுகும் குரலில்.