சவேரியோ என்ன சொல்கிறான்?

"சவேரியோவுக்கு உடம்பு எப்படி இருக்குங்க, ஐயா?"

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அந்த அம்மாள் கேட்ட கேள்வி இதுதான். ரெனாத்தோவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மிலான் பத்திரிகை ஒன்றின் நிருபராக நியூயார்க்கில் அவர் குப்பை கொட்டத் தொடங்கி இருபத்தோரு வருடம் ஆகிறது. சவேரியோவை விசாரித்து இத்தாலியிலிருந்து கடிதம் வரும்; கிறிஸ்துமஸுக்கு அவன் பெயருக்கு ஒயின் புட்டிகூட வரும். அவனை விசாரித்து ஒருவர் நேரிலேயே வந்து நிற்பது இதுதான் முதல் தடவை.

"நல்லா இருக்காரு," என்று சமாளித்தார்.

"போன மாசம் இருமல்னு எழுதியிருந்தீங்களே."

"அது அப்பவே சரியாப் போச்சும்மா."

"ஓ," என்றாள் அவள். முகம் ஏனோ வாடிவிட்டது.

பெயர் அசுந்தா. தெற்கு இத்தாலியில் பொத்தென்சா நகரத்துக்கு மேலே ஒரு மலையூர்க்காரி. சித்தப்பா மகள் வீட்டுக் கல்யாணத்துக்காக நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிக்கு வந்தவள். கல்யாண வீட்டு பாதாம் மிட்டாய்ப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தாள். பிறகு துணிப்பையிலிருந்து, நூல் போட்டுக் கட்டிய பத்திரிகைத் துண்டுகளை எடுத்து வைத்தாள். எல்லாமே ரெனாத்தோ ஞாயிறுதோறும் எழுதுகிற 'சவேரியோ என்ன சொல்கிறான்?' பகுதி. புரூக்ளினில் கடை வைத்திருக்கும் இத்தாலிய நாவிதன் ஒருவன், முடி வெட்டிக்கொண்டே உலக நடப்புக்கெல்லாம் கருத்துச் சொல்வான்.

"காப்பி போடட்டுமா? இங்கேயே அடுப்பு வெச்சிருக்கேன். நம்ம ஊர்க் காப்பி."

"போடுங்க. கல்யாண வீட்டுல குடுத்தது பாத்திரம் கழுவின தண்ணி."

ரெனாத்தோ அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் பின்னாலிருந்து பேசினாள்.

"எம் புருஷன் பேரும் சவேரியோதாங்க. அவரும் முடி வெட்டுறவர்தான். உங்க சவேரியோ கப்பல் ஏறினதா எழுதுனீங்களே, அதே வருஷம்தான் அவரும் கிளம்பிப் போனாரு. எம் மகன் ரோக்கோ அப்ப மூணு மாசக் குழந்தை. அதுக்கப்புறம் ஒரு கடுதாசி கிடையாது."

ரெனாத்தோ காப்பிப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினார்.

"ரோக்கோவுக்கு இப்ப இருபத்திமூணு. இதையெல்லாம் வெச்சுத்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்டான். நிலாவுக்குப் போறவங்களுக்குத் தாடி வளர்ந்தா எங்கிட்டதான் வரணும்னு சவேரியோ சொன்னாரில்ல? எங்கப்பா சொன்னதுன்னு பள்ளிக்கூடம் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். அடுத்த மாசம் பதினாலாம் தேதி இங்க வர்றதுக்கு டிக்கெட் எடுத்துட்டான். அப்பாவைப் பார்த்தே தீரணுமாம். அதான், கல்யாணத்தைச் சாக்கா வெச்சு அவனுக்கு முந்தி நான் வந்தேன்."

காப்பி பொங்கி அடுப்பில் வழிந்தது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு.

அமெரிக்காவையே அளந்து எழுதிவிடுவது என்று வந்த மனிதர். கலவரத்தில் கல்லடி பட்டிருக்கிறார். ராக்கெட் கிளம்பும் இடத்தில் வெயிலில் காய்ந்திருக்கிறார். பதினெட்டு வருடத்துக்கு முன்பு ஒரு பனிநாளில், வெளியே போய் நாலு பேரைக் கேட்டு எழுதச் சோம்பல்பட்டு, உட்கார்ந்த இடத்திலேயே ஒரு நாவிதனை உண்டாக்கி அனுப்பினார். அதோடு அவர் கதை முடிந்தது. அன்றிலிருந்து அவர் எதை எழுதினாலும் தொலைபேசியில் ஆசிரியர் கேட்பது ஒன்றுதான்: "அதெல்லாம் கிடக்கட்டும்யா, சவேரியோ என்ன சொல்றான்?"

வாரத்துக்கு ஒரு பொய். இன்றுவரை புரூக்ளினில் எந்த முடிதிருத்தும் கடைக்குள்ளும் அவர் கால் வைத்ததில்லை. அவருக்கு முடி வெட்டுகிறவன் கீழ்த்தளத்துக் கிரேக்கன். அவன் பெயரைக்கூட அவர் கேட்டதில்லை. நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

சவேரியோ கடையை விற்றுவிட்டு கலிபோர்னியா போய்விட்டான் என்று சொல்லிவிடலாமா? நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பையன் அங்கேயும் தேடிக்கொண்டு போவான்.

காப்பியை அவள் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அம்மா, என்னை மன்னிச்சிருங்க. சவேரியோன்னு ஒரு ஆளே இல்லை. கடை, கப்பல், இருமல் எல்லாம் நான் கட்டிவிட்ட கதை. இப்படி ஒரு குழந்தை அதைப் படிச்சு வளரும்னு சத்தியமா நான் நினைக்கலை. ரோக்கோ வந்து நின்னா அவன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்னு தெரியலை."

அசுந்தா அழவில்லை. கோபப்படவும் இல்லை. காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அது எனக்கு முதல் வாரமே தெரியும்ங்க. நான் நாவிதன் பொண்டாட்டி. இத்தனை வருஷத்துல உங்க ஆளு ஒரு நாளாவது சவரக்கத்தியைத் தீட்டினதா எழுதியிருக்கீங்களா? எம் புருஷன் அமெரிக்காவுக்கெல்லாம் வரலை. நம்ம நாட்டுலேயே, டூரின்ல இன்னொருத்தியோட குடித்தனம் பண்ணிக்கிட்டிருக்காரு. பேப்பரைக் காட்டி, இதுதான்டா உங்கப்பான்னு ரோக்கோவை வளர்த்தது நான்தான்."

பத்திரிகைக் கட்டை அவர் பக்கம் மெல்லத் தள்ளினாள்.

"பதினாலாம் தேதிக்குள்ள அந்த இருமலை மறுபடி வரவழைச்சு, அவரை நல்லபடியாச் சாகடிச்சிருங்க, ஐயா. பதினெட்டு வருஷமா நிலாவைப் பத்திப் பேசினாரு, ஜனாதிபதிகளைப் பத்திப் பேசினாரு. சாகுறப்பவாவது எம் மகனைப் பத்தி ஒரு வார்த்தை பேசட்டும்."