பாலிஷ் காயுது

"வேலை போயிடுமேன்னு இழுத்தடிக்குது அந்த அம்மா. வேறென்ன?"

முதலாளி இதைப் பாலிஷ்காரரிடம் சொன்னது, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதானே சொன்னார்!

கட்டில், பீரோ, சோபா செய்து விற்கும் கடை. வாடிக்கையாளர்களின் மெசேஜுக்குப் பதில் போடுவது அந்த அம்மாவின் வேலை. கடையில் அவருக்கு 'ஆமையக்கா' என்று பெயர். ஒருவர் "என் கட்டில் என்ன ஆச்சு?" என்று கேட்டால், பட்டறை வரைக்கும் நடந்து போய், கட்டிலைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்துதான் பதில் எழுதுவார். இப்படி இருந்தால் வியாபாரம் விளங்குமா?

அதனால்தான் முதலாளி ஏஐ வாங்கினார். கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்லும். கொஞ்சம் பழகிவிட்டால் போனில் முதலாளியின் குரலிலேயே பேசுமாம். வீட்டில் மனைவியிடம் ஒரு மாதமாக இதே பெருமைதான்.

பழைய மெசேஜ்களைக் காட்டி அதைப் பழக்கும் பொறுப்பை ஆமையக்காவிடமே கொடுத்தார். அங்கேதான் வந்தது வம்பு.

"சார், பழைய மெசேஜ்ல இருக்கிற அட்ரஸ், போன் நம்பர் எல்லாத்தையும் எடுத்துட்டுத்தான் மிஷினுக்குக் குடுக்கணும். நம்மளை நம்பிக் குடுத்ததில்லையா?"

"சரி, எடு."

"அது எழுதற பதிலை ஒரு ஆள் படிச்சுப் பார்த்துட்டுத்தான் வெளியே அனுப்பணும்."

"அப்புறம் மிஷின் எதுக்கும்மா? அழகு பார்க்கவா?"

"தொடங்கறதுக்கு முன்னாடி நமக்குள்ளயே அதோட பேசிப் பார்த்துடலாம் சார்."

"நான் வியாபாரிகள் சங்கத்து ஆளுங்க அத்தனை பேரையும் கூப்பிட்டு, அவங்க முன்னாடி தொடங்கணும்னு இருக்கேன்!"

"ஐயையோ, வேணாம் சார். முதல்ல நம்ம ஆளுங்க மட்டும் போதும்."

அழாத குறையாக நின்றதால் முதலாளி ஒத்துக்கொண்டார். மனசுக்குள் மட்டும் கறுவிக்கொண்டார். மிஷின் ஓட ஆரம்பிக்கட்டும், இந்த ஆமைக்கு அன்றைக்கே விடைகொடுத்துவிட வேண்டும்.

இன்று அந்தச் சோதனை. மிஷினை விற்ற கம்ப்யூட்டர்காரர் வந்து திரையைத் திருப்பி வைத்தார். முதலாளி கைகளைத் தேய்த்துக்கொண்டு, தானே வாடிக்கையாளராக உட்கார்ந்தார்.

'என் கட்டில் எங்கே?' என்று தட்டினார்.

'பாலிஷ் காயுது சார். சாயங்காலத்துக்குள்ள வந்துடும்' என்றது மிஷின்.

"அடடா, என்ன வேகம்!" முதலாளி தொடையில் தட்டிக்கொண்டார். சும்மா சீண்டிப் பார்க்கலாமே என்று, 'நான் கட்டிலே ஆர்டர் பண்ணலையே?' என்று கேட்டார்.

'வண்டியில ஏத்தியாச்சு சார்.'

முதலாளிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. 'எந்த வண்டி? எங்கே வருது?'

'பாதி வழி வந்துடுச்சு சார். உங்க தெருமுனையிலதான் இருக்கும். டிரைவர் போன்ல சார்ஜ் இல்ல போல.'

பாலிஷ்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்னய்யா இது, வாயைத் திறந்தா பொய்! இதை நம்பி எப்படிக் கடையை விடறது? ஏம்மா, இங்கே வா! உன் வேலையைக் காப்பாத்திக்கத்தானே இதுக்கு இப்படிச் சொல்லிக்குடுத்திருக்கே? உன்னை இன்னும் வச்சிருந்தா என்னைத்தான் சொல்லணும். கிளம்பு நீ!"

ஆமையக்கா எழுந்து நின்றார். கண் கலங்கியது.

"ஒரு நிமிஷம் சார்" என்றார் கம்ப்யூட்டர்காரர். "எதைப் பார்த்து இப்படிப் பேசுதுன்னு அதுகிட்டயே கேட்கலாம்."

ஒரு பொத்தானை அழுத்தினார். திரை முழுக்கப் பழைய மெசேஜ்கள் ஓடின. 'பாலிஷ் காயுது.' 'வண்டி கிளம்பிடுச்சு.' 'பாதி வழி.' எல்லாம் முதலாளியின் சொந்த போனிலிருந்து போனவை.

"இந்த அம்மா எழுதினது ஒண்ணுகூட இதுல இல்லையே சார்?"

ஆமையக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார். "சார்தான், என்னோடது எதுவும் வேணாம், அவரோடதைப் பார்த்தே படிக்கட்டும்னு சொன்னார்."

ஆமாம், சொன்னார்தான். 'இன்னும் மரமே அறுக்கலைன்னு கஸ்டமருக்கு எழுதற ஆளோட மெசேஜெல்லாம் எதுக்கு?' என்று நக்கல்கூட அடித்தார். இப்போது அதை நினைக்க அவருக்கே கூசியது.

"இப்படித்தான் பேசும்னு உனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

"உங்க மெசேஜைப் படிக்கப் படிக்கத் தெரிஞ்சுபோச்சு சார். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. சங்கத்து ஆளுங்க முன்னாடி உங்களுக்குத் தலைகுனிவு வந்துடக் கூடாதேன்னுதான், நமக்குள்ள முதல்ல பார்த்துடலாம்னு கெஞ்சினேன்."

பாலிஷ்காரர் பக்கம் திரும்பவே முதலாளிக்கு வெட்கமாக இருந்தது.

"உட்காரும்மா" என்றார் கடைசியில். "என்னோடதை எல்லாம் தூக்கிப் போட்டுட்டு, நீ எழுதினதைக் குடு. அது எழுதறதை நீயே படிச்சுட்டு அனுப்பு. நீ எங்கேயும் போக வேணாம். நான் பேசினதை மனசுல வச்சுக்காதே."

அப்போது போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, எங்கே இருக்கீங்க?"

'பாதி வழி வந்துட்டேன்' என்ற வழக்கமான பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆமையக்காவைப் பார்த்தார், விழுங்கிக்கொண்டார்.

"கடையிலதான் இருக்கேன். இன்னும் கிளம்பவே இல்ல. வர ஒரு மணி நேரமாவது ஆகும்."

மனைவி சொன்னாள்.

"அடேயப்பா, குரல் அச்சு அசல் அவரேதான்! சரி மிஷின், நீ போனை அவர்கிட்ட குடு."